கூண்டில் இறங்காதவன் மனைவி

லிடியாவைப் பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் மாப்பிள்ளை கழற்றி விட்டிருந்த பூட்ஸைத்தான் தங்கை பவுலின் முதலில் பார்த்தாள். மரக்காணம் உப்பளத்தில் வெறுங்காலோடு நின்று பாதம் வெடித்துப்போன ஆண்களையே பார்த்து வளர்ந்தவள் அவள். அந்தக் கறுப்புத் தோல் பூட்ஸ் ஏதோ வெளிநாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை கஸ்பாருக்கு வடக்கே, ரயிலில் இரண்டு ராத்திரி போகவேண்டிய ஊரில், ஒரு செம்புச் சுரங்கத்தில் வேலை. பூமிக்கு அடியில் இறங்கிப் பாறைக்கு வெடி வைத்து உடைக்கிற வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், கம்பெனி வீடு, வருஷத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ்.

“அக்காவுக்கு இந்த மாதிரி ஆளு வந்துட்டாரு, எனக்கு எவன் வரப்போறானோன்னு அன்னிக்கு நெனச்சேன்” என்று பவுலின் பிற்காலத்தில் தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு மனதில் விழுந்த அந்தப் பொறி ஏறக்குறைய நாற்பது வருஷம் அணையவில்லை.

பவுலினுக்கு வந்தவர் டோமினிக். அதே மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். சாதுவான மனிதர், பீடி மட்டும் ஓயாமல் பிடிப்பார். கஸ்பார் நல்லவர். சகலைக்கும் ஒரு வழி செய்யவேண்டும் என்று மேஸ்திரியிடம் பேசித் தன்னோடு சுரங்கத்துக்குக் கூட்டிப் போனார். பவுலினும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தனக்கும் கம்பெனி வீடு, தன் வீட்டு வாசலிலும் பூட்ஸ் என்று ரயிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனாள்.

டோமினிக் ஒரே ஒரு நாள்தான் உள்ளே இறங்கினார். ஆட்களை ஏற்றி இறக்க ஒரு இரும்புக் கூண்டு உண்டு, கயிற்றில் தொங்கும். அது சரக்கென்று இருட்டுக்குள் விழுந்தபோது அவருக்கு மூச்சு அடைத்துவிட்டது. சாயந்தரம் மேலே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மறுநாள் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஊருக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கஸ்பார்தான் ஆபீசர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, சுரங்க வாய்க்கு மேலேயே ஒரு வேலை வாங்கித் தந்தார். ஆட்கள் ஏறியதும் கூண்டின் கதவை மூடி, மணி அடித்து, கீழே அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் கஸ்பார் உள்ளே நிற்பார். டோமினிக் கதவை மூடுவார்.

உள்ளே இறங்குகிறவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் படிக்காசு தனி, வீடும் பெரிது. லிடியாவுக்கு இரண்டு அறை, வீட்டுக்குள்ளேயே குழாய். பவுலினுக்கு ஒரே அறை. தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசையில்தான் யாரோ ஒருத்தி அவளுக்கு “கூண்டுல இறங்காதவன் பொண்டாட்டி” என்று பேர் வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது.

“அக்கா வூட்டு மாமா இறங்கல? அவருக்கு மட்டும் உயிரு வெல்லமா இல்லையா?” என்று பவுலின் கேட்பாள்.

“என்னால முடியலடி.”

“ஒரு மாசம் போனா பழகிடும்.”

“பழகாது. எனக்குத் தெரியும்.”

“ஆம்பளதானே நீங்க?”

டோமினிக் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அவள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மற்ற எல்லாவற்றிலும் அவள் சொல்வதைக் கேட்கிற மனிதர் இந்த ஒன்றில் மட்டும் அசையவே இல்லை.

லிடியாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் தங்கைமேல் பிரியமாகவே இருந்தாள். அந்தப் பிரியம்தான் பவுலினை அதிகம் சுட்டது. “புதுசு மாதிரியே இருக்குடி, கட்டிக்கோ” என்று லிடியா தருகிற சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால், அது யார் சேலை என்று எல்லாரும் பார்ப்பதுபோல இருக்கும். கிறிஸ்துமஸுக்கு லிடியா வீட்டில் மிக்ஸி வாங்கினார்கள். அதன் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். பவுலின் அம்மிக் குழவியைப் போட்டு உருட்டு உருட்டென்று உருட்டுவாள். ஒரு நாள் அந்த மிக்ஸி புகைந்து நின்றுபோனது. அன்று பவுலின் காரணமே இல்லாமல் பாயசம் வைத்தாள்.

பிறகு செம்பு விலை இறங்கி, சுரங்கத்தை மூடினார்கள். எல்லாரும் மரக்காணத்துக்கே திரும்பினார்கள். கஸ்பார் கோயிலுக்குப் பக்கத்தில் தளம் போட்ட வீடு கட்டினார், கொஞ்சம் உப்பளத்தையும் குத்தகைக்கு எடுத்தார். டோமினிக்குக்குக் கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணம் மகளைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுக்கவே சரியாகப் போயிற்று. அவர் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். பவுலின் அக்காவின் பாத்திகளிலேயே கூலிக்கு உப்பு வாரினாள். வெயில் ஏறி, உப்பு கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில் லிடியா குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வருவாள். “பவுலினு, செத்த நேரம் நெழல்ல உக்காரேன்டி” என்பாள். கூட வாரிக்கொண்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பவுலின் இன்னும் வேகமாக வாருவாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் கஸ்பாருக்கு இருமல் வந்தது. உப்புக் காற்று என்று முதலில் விட்டுவிட்டார்கள். ஆள் இளைத்தார். சளியில் ரத்தம் வந்தபோது காசநோயாக இருக்கும் என்று பரிசோதித்தார்கள். அந்தக் கிருமி இல்லை. கடைசியில் புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்து, நுரையீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு சொல்கிற அன்று லிடியாவின் மகன் பெலிக்ஸ், ஆரோவில்லில் எலெக்ட்ரிஷியனாக இருப்பவன், லீவு போட்டுவிட்டுக் காரில் கூட்டிப் போனான். லிடியா தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறது என்று பவுலினையும் டோமினிக்கையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா புற்றுநோய் என்று சொன்னார். பரவிவிட்டது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்: “சிகரெட், பீடி பழக்கம் உண்டா?”

“வாயில வெச்சதே இல்லைங்க. மாதா மேல சத்தியம்” என்றாள் லிடியா.

கஸ்பார் டோமினிக்கைக் காட்டிச் சிரித்தார். “இவன் பிடிப்பான். நான் மோந்து பாக்குறதோட சரி.”

“என்ன வேலை பார்த்தீங்க?”

“செம்புச் சுரங்கங்க. உள்ள. இருபது வருஷத்துக்கு மேல.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “உள்ள காத்து எப்படி? ஃபேன் வெச்சிருந்தாங்களா?”

“பழைய பக்கம் இருந்துதுங்க. நாங்க கடைசில வெட்டுனது முட்டுச்சந்து மாதிரி. காத்தே வராது. சட்டையப் பிழிஞ்சா தண்ணி கொட்டும்.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். பாறையிலிருந்து ராடான் என்று ஒரு வாயு கசியும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வெட்டவெளியில் காற்று அதை அள்ளிப்போய்விடும். மூடிய சுரங்கத்துக்குள் காற்றோட்டம் இல்லாவிட்டால் அங்கேயே தேங்கும். மூச்சோடு உள்ளே போய், அதிலிருந்து பிரிகிற தூள்கள் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு கதிர் வீசும். உடனே எதுவும் தெரியாது. இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூட வரலாம்.

“உள்ள போன எல்லாருக்கும் வராது” என்றார். “எத்தனை வருஷம் இருந்தாங்க, எவ்ளோ வாயு இருந்துச்சு, அதுக்கேத்த மாதிரி ரிஸ்க் ஏறும். கூடவே பீடியும் பிடிச்சா இன்னும் பல மடங்கு. இவருக்கு இதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா புகையே பிடிக்காத மனுஷன், இத்தனை வருஷம் உள்ள இருந்திருக்காரு. எனக்கு மொதல்ல அதுதான் தோணுது.” பிறகு டோமினிக் பக்கம் திரும்பினார். “நீங்களும் உள்ள வேலை பார்த்தவரா?”

“இல்லைங்க. நான் மேல. கூண்டுக் கதவு மூடுறவன்” என்றார் டோமினிக். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

பவுலின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். காலர் கிழிந்த சட்டை, நரைத்த மார்பு முடி, அது சாதாரணமாக ஏறி இறங்குகிறது. எத்தனையோ வருஷமாக அவள் அந்த மனிதரை அப்படிப் பார்த்ததில்லை. அப்போதே இன்னொருத்தியும் அவரைப் பார்ப்பது தெரிந்தது. லிடியா. கண் இமைக்காமல் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் செய்தி பரவியது. கஸ்பார் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடித்திருப்பார் என்று சிலர் பேசினார்கள். மற்றபடி எல்லாருக்கும் இரக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் பேரைச் சொல்லி விண்ணப்பம் வைத்தார்கள். பூசை முடிந்ததும் பெண்கள் லிடியாவைச் சுற்றி நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் பழம் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது, ஃபாதர் வந்தார். பவுலின் ஓரமாக நின்று அதைப் பார்த்தாள். உப்பு மூட்டை சரிந்து டோமினிக் கால் உடைந்து கிடந்தபோது எவளும் எட்டிப் பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. சாகக் கிடக்கிற மனிதனைப் பார்த்தும் தனக்கு வயிறெரிகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அப்போதும் எரிச்சல் போகவில்லை.

டோமினிக் தினமும் சாயந்தரம் இன்ஜினை நிறுத்திவிட்டு கஸ்பார் வீட்டுக்குப் போவார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவார். இரண்டு பேரும் சுரங்கத்துக் கதைகளைப் பேசிச் சிரிப்பார்கள். சிரித்தால் கஸ்பாருக்கு இருமல் வரும். இருமி முடித்துவிட்டு மறுபடி சிரிப்பார். டாக்டர் சொன்னதிலிருந்து டோமினிக் பீடியைக் குறைத்திருந்தார். ஆனாலும் நடுவில் ஒரு தடவை கொல்லைப்பக்கம் போய்ப் பிடித்துவிட்டு வருவார்.

ஒரு நாள் அப்படிப் பிடித்துவிட்டு உள்ளே வந்தவர் கையிலிருந்த டீ டம்ளரை லிடியா வாங்கிக் கீழே வைத்தாள்.

“போங்க தம்பி. இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராதீங்க.”

டோமினிக் அப்படியே திரும்பினார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பவுலினுக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிய சேலைகளுக்கும் சேர்த்துக் கேட்டுவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். லிடியா சமையல்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பு எரியவில்லை.

“இன்னாக்கா நெனச்சுக்கினு இருக்க? அவரு உனக்கு இன்னா பண்ணாரு?”

லிடியா திரும்பினாள். “எங்க வூட்டுக்காரர் இன்னாடி பண்ணாரு? ஒரு பீடி உண்டா, ஒரு குடி உண்டா? உன் ஆளு பொகைய ஊதிட்டு வந்து உக்காந்து சிரிக்கிறாரு. அவரு நெஞ்சு ஏறி ஏறி எறங்குது பவுலினு. நான் அதையேதான் பாக்குறேன். வேற எதுவும் என் கண்ணுக்குத் தெரியல. நடந்து வர்றாரு, நடந்து போறாரு. அவரு ஏண்டி நல்லா இருக்காரு? சொல்லு, அவரு ஏன் நல்லா இருக்காரு?”

பவுலின் ஒரு எட்டு கிட்டே போனாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, கண் சிறுத்திருந்தது. கோபம் அப்படி இருக்காது என்று பவுலினுக்குத் தெரியும்.

“சரிக்கா. வர வேணாம்னு சொல்லிடுறேன்.”

லிடியா சண்டையை எதிர்பார்த்திருந்தாள். “கோவம் வர்லியா உனக்கு?”

“வந்துச்சு. இப்போ இல்ல.” பவுலின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு அது தெரியும்க்கா. நானும் உன்னப் பாத்து அப்படித்தான் இருந்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

“என்னப் பாத்தா? எதுக்குடி?”

“எல்லாத்துக்கும்தான். வூட்டுக்கு, கொழாய்க்கு, மாமாவுக்கு. உன் மிக்ஸி புகைஞ்சு போச்சே, அன்னிக்கு நான் பாயசம் வெச்சேன்.”

லிடியா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், உள்ளறையில் இருப்பவருக்குக் கேட்கக்கூடாது என்று.

ஆனால் மனசு மாறிவிடவில்லை. டோமினிக் வரலாம் என்று அவள் சொல்லவில்லை. கஸ்பாரோ, “எங்க அவன்? எங்க அவன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்ஜின் ரிப்பேர், அதனால் வரவில்லை என்று லிடியா பொய் சொன்னாள்.

பவுலின் ஒரு வழி செய்தாள். விடிந்ததும் வந்து, “வாக்கா, பூசைக்குப் போயிட்டு வருவோம்” என்று லிடியாவை அழைத்துப் போனாள். அந்த நேரத்தில் டோமினிக் கஸ்பாரிடம் வந்து உட்காருவார். அவருக்கு முகம் துடைத்துவிட்டு, படுக்கையை மாற்றிவிட்டு, பூசை முடிகிற மணி அடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். லிடியாவுக்கு இது தெரியாமல் இல்லை. விரிப்பை அவள் மடிக்கிற மாதிரி அவர் மடிப்பதில்லை. தெரிந்தும் கேட்கவில்லை. ஒரு நாள் இரண்டு பேரும் சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். உள்ளே ஆண்கள் பேச்சுக் குரல் கேட்டது. லிடியா தெருவிலேயே நின்றுவிட்டாள். “இருடி. அவரு போகட்டும்” என்றாள். டோமினிக் பின்பக்கமாகப் போகும்வரை அக்காவும் தங்கையும் வெயிலில் நின்றார்கள்.

அந்தக் காலை நேரங்களில் ஒன்றில்தான் கஸ்பார் டோமினிக்கிடம் மனசு விட்டுப் பேசினார். டோமினிக் அதை வந்து பவுலினிடம் அப்படியே சொன்னார்.

“உன்னப் பாத்தா எனக்கு அவ்ளோ எரிச்சல் வரும்டா” என்றாராம் கஸ்பார். “நீ கதவ மூடுவ, மணி அடிப்ப, கூண்டு எறங்கும். கடைசியா கண்ணுல படுறது உன் காலுதான். அதுக்கு மேல வெயிலு. இந்தப் பய இப்போ நேரா டீக்கடைக்குப் போவான்னு நெனப்பேன். உள்ள போயும் அதே நெனப்புதான். சில நாளு உன்னத் திட்டிக்கினே பாறையக் குத்துவேன்.”

“ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே” என்று டோமினிக் கேட்டிருக்கிறார்.

“இன்னான்னு சொல்றது? எனக்கும் பயமா இருக்குன்னா? நீ சொன்ன. உனக்குச் சொல்ல வந்துச்சு. எனக்கு வர்ல. உங்க அண்ணி தெருவுல பெருமையா நடக்குறா. அதக் கெடுக்க மனசு வர்ல.”

இதைக் கேட்டுவிட்டு பவுலின் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, “இறங்கு இறங்குன்னு நான் உங்கள எவ்ளோ அறுத்தேன்” என்றாள்.

“ஆமா” என்றார் டோமினிக்.

“இறங்கியிருந்தா?”

“இறங்கல. உடு.”

கஸ்பார் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் இறந்தார். கடைசி நாட்களில் மூச்சுக்கு மிகவும் கஷ்டப்பட்டார். ஆக்ஸிஜன் சிலிண்டரை பெலிக்ஸ் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தான். சவப்பெட்டியைத் தூக்க டோமினிக் முன்னால் வந்தபோது எல்லாரும் லிடியாவைப் பார்த்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தடுக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைச் சாப்பாட்டில் பந்தி முழுக்கத் தானே சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவள், டோமினிக் இலைக்கு முன்னால் வாளியைப் பவுலின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். டோமினிக்கின் மகள் அதைப் பார்த்துக் கொதித்தாள். “பெரியம்மாவுக்கு இன்னா திமிரு பாத்தியாம்மா?” என்றாள்.

“திமிரு இல்ல. நீ சாப்புடு” என்றாள் பவுலின்.

அதற்குப் பிறகு அவள் டோமினிக்கை அக்கா கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாள். கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னாள். லிடியா உப்பளத்துக்கு வருகிற நேரம் தெரிந்தால், “கொட்டாயிலேயே இருங்க, வெளிய வராதீங்க” என்று சொல்லி வைப்பாள். அவருக்கும் அது புரிந்தது. பவுலினுக்கு வேறொரு மாற்றமும் வந்தது. அவர் தூங்கும்போது மூச்சு சரியாக வருகிறதா என்று கவனிக்க ஆரம்பித்தாள். பீடிக் கட்டைக் கண்டால் தூக்கி உப்புத் தண்ணீரில் போட்டாள்.

மழைக்காலம் வந்து உப்பளம் தண்ணீரில் முழுகியது. வேலை நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், எல்லாரும் அமைதியாக முழங்காலில் இருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து டோமினிக் இருமினார். அடக்கப் பார்த்தும் முடியாமல் தொடர்ந்து இருமினார். பெண்கள் பக்கம் முன்னால் இருந்த லிடியாவின் தோள் அசைவதைப் பவுலின் பார்த்தாள்.

பூசை முடிந்ததும் லிடியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தாள். டோமினிக்கைப் பார்க்காமல் பவுலினிடம் கேட்டாள்.

“எத்தினி நாளா?”

“மழை ஆரம்பிச்சதுலேர்ந்துக்கா. சளிதான்.”

“எங்க வூட்டுக்காரருக்கும் உப்புக் காத்துதான்னு விட்டோம். ஸ்கேன் எடுத்தியா?”

“இவரு உள்ள இறங்கலையேக்கா.”

“பீடி பிடிச்சாரில்ல? நாப்பது வருஷமா ஊதுனாரில்ல?” லிடியாவின் குரல் உயர்ந்தது, வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். “நாளைக்குக் காலையில ரெடியா இரு. நானும் வர்றேன்.”

பஸ்ஸில்தான் போனார்கள். அதே டாக்டரம்மா. ஸ்கேனைப் பார்த்து முடிக்கும்வரை லிடியா வெளியே பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டி எதுவும் இல்லை. பீடியால் மூச்சுக்குழாய் புண்ணாகியிருக்கிறது. இப்போதே அடியோடு விட்டால் தேறலாம், விடாவிட்டால் பின்னால் எதுவும் வரலாம் என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

பவுலின் வெளியே வந்து, “ஒண்ணும் இல்லையாம்க்கா” என்றாள்.

லிடியாவின் முகம் ஒரு நொடி தளர்ந்தது. “மாதாவே” என்றாள். அடுத்த நொடியே உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் சிறுத்தது. இரண்டும் அவள் முகத்தில் ஒன்றாகவே இருந்தன. அதைத் தங்கை பார்த்துவிட்டாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மறைக்க முயலவில்லை.

“உங்க மாமாவுக்கு இதே மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள்.

“சொல்லியிருக்கணும்க்கா.”

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம். பொம்மையார்பாளையம் தாண்டியதும்தான் இடம் கிடைத்தது. பவுலின் அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். டோமினிக்கை முன்னால் டிரைவர் பக்கம், லிடியாவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து நிற்கச் சொல்லியிருந்தாள். மழை விட்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் லிடியா கழுத்தை நீட்டிக் கூட்டத்துக்குள் தேடினாள்.

“நின்னுக்கினே வர்றாரா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“கால் உடைஞ்ச ஆளு. இப்படி வந்து உக்காரச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.